காகா ராதாகிருஷ்ணன் பின்தங்கியவர் அல்ல

திருச்சியில் பழைய சினிமாப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் சங்கிலியாண்டபுரத்துக்கு வந்து சேரும். அங்கே ஒரு கதை தயாராக இருக்கும். ஒரே வட்டாரத்தில் வளர்ந்த இரண்டு பையன்கள் யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் நாடகக் கம்பெனியில் இருந்தார்கள். ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்; ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டார்கள். ஒருவர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் ஆனார். மற்றவர் காகா ராதாகிருஷ்ணனாகவே நின்றுவிட்டார். இந்த இடத்தில் சொல்பவர் ஒரு பெருமூச்சு விடுவார். "எதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்" என்று முடிப்பார்.

ஊர்க்காரர்கள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. 2012 ஜூன் 14 அன்று காகா ராதாகிருஷ்ணன் தமது 86ஆம் வயதில் மறைந்தபோதும், அதற்குப் பிறகும், அவரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் "சிவாஜியின் பால்ய நண்பர்" என்றே தொடங்கினார்கள். அவரது முகவரியே இன்னொருவர் பெயரில் எழுதப்பட்டது. இந்தக் கதையில் அன்பு இருக்கிறது, ஊர்ப்பாசமும் இருக்கிறது. ஆனால் இது தவறான கதை. தேதிகளின்படி தவறு, நாடகத் தொழிலை அறிந்தவர் கணக்கின்படி தவறு, ஒரு நடிகரை அளக்கும் முறையாகவும் தவறு. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் தேதிகள். ராதாகிருஷ்ணனின் பெயரைத் திரையுலகில் நிறுத்திய 'மங்கையர்க்கரசி' 1949இல் வந்தது. சிவாஜி கணேசனின் முதல் படமான 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது. பி. யு. சின்னப்பாவும் கண்ணாம்பாவும் அஞ்சலிதேவியும் நடித்த பெரிய படம் ஒன்றில் மக்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும் நடிகராகிவிட்டிருந்தார் ராதாகிருஷ்ணன். அப்போது கணேசன் நாடக மேடையில்தான் இருந்தார். வயதிலும் கணேசனைவிட இரண்டு மூன்று ஆண்டு மூத்தவர் அவர். பின்தங்குவதற்கு முன்னால் போனவர் ஒருவர் வேண்டும். திரைக்கு முன்னால் போனவர் காகாதான்.

இன்னொரு முனையையும் பாருங்கள். 1949இல் சின்னப்பாவோடு நடித்தவர், 1954இல் சிவாஜியோடு 'மனோகரா'வில் நடித்தார். 1992இல் 'தேவர் மகன்', 1997இல் விஜய் நடித்த 'காதலுக்கு மரியாதை', 2004இல் 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.'. இந்தக் கணக்கே 55 ஆண்டுகளைத் தொடுகிறது. சின்னப்பா 1951இல் மறைந்தார். என். எஸ். கிருஷ்ணன் 1957இல் மறைந்தார். திருச்சியில் வளர்ந்து, தமிழ்நாட்டையே பாட்டால் கட்டிப்போட்ட எம். கே. தியாகராஜ பாகவதர் 1959இல் மறைந்தார். பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய், வசனத்துக்காகப் பார்த்த காலம் வந்தது. அதுவும் போய் வண்ணப்படம் வந்தது. பிறகு கிராமத்து மண்ணுக்கே காமிரா போனது. இத்தனை மாற்றத்திலும் வேலை கிடைத்துக்கொண்டிருந்த ஒரு நடிகரைத் தோற்றவர் என்று சொல்ல எந்தத் தராசைப் பயன்படுத்துகிறோம்?

தராசு எது என்று எனக்குத் தெரிகிறது. நாயகனாக ஆனாரா இல்லையா என்ற ஒரே எடைக்கல். அந்தக் கல்லைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

பாய்ஸ் கம்பெனி என்ற அமைப்பு எப்படி நடந்தது என்பதை நினைவில் கொண்டுவந்தால் இந்தக் கல் எவ்வளவு பொருந்தாதது என்று புரியும். சங்கரதாஸ் சுவாமிகள் காலம் தொட்டு மதுரையையும் தஞ்சையையும் திருச்சியையும் சுற்றி வளர்ந்த இந்தக் கம்பெனிகள், பத்து வயதுகூட நிரம்பாத பையன்களை எடுத்துக்கொண்டன. பாட்டு, வசனம், ஆட்டம், சண்டை, அரிதாரம் எல்லாம் எல்லோருக்கும் பாடம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்கள் பிரிந்தன. எந்தப் பையனுக்கு எந்த வேடம் என்பதை வாத்தியார் தீர்மானித்தார். குரலும் முகவாகும் உடற்கட்டும்தான் அந்தத் தீர்மானத்தின் அடிப்படை. கணேசனே அங்கே சீதையாக நின்றவர்தான். ஸ்திரீபார்ட் போட்டதால் அவர் தாழ்ந்தவர் என்று கம்பெனியில் யாரும் நினைக்கவில்லை.

மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்த பையன் ஓரத்துக்குப் போவான். பெண் குரலை நம்பி இருந்தவன் வேடத்தை இழப்பான். இந்த நிலையில்லாத வாழ்க்கையில் பபூன் வேடக்காரனின் இடம் தனி. பின்னால் காட்சி மாற்றும்போது, முன்திரையின் எதிரில் வந்து நின்று, தூங்கிவழியும் கூட்டத்தை விடியும்வரை பிடித்து வைத்திருக்க வேண்டியவன் அவன். சங்கரதாஸ் சுவாமிகள் வரியாக எழுதிக் கட்டுப்படுத்திய நாடகத்தில், அன்றைய கூட்டத்தின் மனநிலையைப் பார்த்துத் தன் பேச்சைச் சமைத்துக்கொள்ள இடம் பெற்றவனும் அவனே. சுதந்திரப் போராட்டக் காலத்தில் மேடையில் அரசியலைத் துணிந்து பேசியவர்களில் பபூன்கள் பலர். புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் இன்றைக்கும் பபூன் யார் என்று கேட்டுவிட்டுத்தான் நாடகத்துக்கு முன்பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, நாடகத் தொழிலின் உள்ளேயிருந்து பார்த்தால் ராஜபார்ட்டும் சிரிப்பு வேடமும் மேல்படி, கீழ்ப்படி என்ற வரிசையில் இல்லை. அவை இரண்டு தனித்தனி வித்தைகள். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் நம்பெருமாள் புறப்பாட்டின்போது தவில் வாசிப்பவரைப் பார்த்து, "நீங்கள் எப்போது நாகசுரத்துக்கு உயர்வீர்கள்?" என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் கேட்டவரின் அறியாமையைத்தான் ஊர் பேசும். சினிமாவில் மட்டும் அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்கிறோம்.

திருச்சிக்காரர்களுக்கு இதற்கு வேறு சாட்சி தேவையே இல்லை. எம். ஆர். ராதா இருக்கிறார். தம் கடைசிக் காலத்தை இந்த ஊரில் கழித்து, 1979 செப்டம்பர் 17 அன்று இங்கேயே மறைந்தவர். 'ரத்தக்கண்ணீர்' (1954) நீங்கலாகப் பார்த்தால் அவர் திரையில் செய்ததில் பெரும்பகுதி, சுவரொட்டிக் கணக்கில் துணை வேடங்கள்தான். 'பலே பாண்டியா' (1962) படத்தில் சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு. ஆனால் ராதாவைப் பற்றி "பாவம், நாயகனாக வராமல் போய்விட்டார்" என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல மாட்டார்கள். ராதாவிடம் அந்தத் தராசு செல்லாது என்று தெரிந்தவர்கள், காகாவிடம் மட்டும் அதையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவருக்குச் செல்லாத எடைக்கல் இன்னொருவருக்கும் செல்லாது.

அடுத்து, கொஞ்சம் படித்தவர்கள் சொல்லும் குறை. "அவர் ஒரு ஜோக்கில் நின்றவர். பெயரே அதற்கு ஆதாரம்" என்பார்கள். 'மங்கையர்க்கரசி' காட்சியைத்தான் குறிப்பிடுகிறார்கள். வேலைக்காகப் பெரிய மனிதர்களைக் காக்கா பிடிக்கச் சொல்கிறாள் தாய்; அதை அப்படியே நம்பி நிஜக் காக்கையைப் பிடிக்கப் போகிறான் பிள்ளை. அந்தப் பிள்ளைதான் ராதாகிருஷ்ணன். அன்று ஒட்டிய பெயர் 63 ஆண்டுகள் கூடவே இருந்தது.

அந்தக் காட்சியில் அவர் யாரோடு நின்றார் என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் படத்தின் சிரிப்புப் பகுதி என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் இருவர் கையில் இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலிருந்து 1947இல் மீண்டு வந்த கலைவாணர் கிருஷ்ணனை மக்கள் கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. அவரும் மதுரமும் திரையில் இருக்கும்போது கொட்டகையின் கண் வேறொருவர் பக்கம் திரும்புவதே கடினம். அந்த இருவருக்கு நடுவே ஒரு புதுப் பையன் வந்து, படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் தன்னையும் பேசிக்கொண்டு போகும்படி செய்தார் என்றால், அதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க முடியாது.

நகைச்சுவையின் தன்மையையும் கவனிக்க வேண்டும். சொன்ன சொல்லை அப்படியே நம்பும் அப்பாவியின் காட்சி அது. இந்த வகைச் சிரிப்பில் நடிகர் தாம் சிரிக்க வைக்கிறோம் என்பதை ஒரு கணம் காட்டிக்கொண்டாலும் காட்சி செத்துவிடும். அம்மா சொன்ன வேலையைச் செய்து முடிக்க வேண்டும் என்ற கவலை முழுதாக முகத்தில் இருக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டிக் கூட்டத்தைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள வழியில்லை. ராதாகிருஷ்ணன் அந்தக் கவலையோடு நடித்தார். அதனால்தான் பெயர் நின்றது.

பெயர் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சினிமாவில் நகைச்சுவை நடிகர்கள் பலருக்கு முன்னொட்டு அவரவர் வேடத்திலிருந்தோ படத்திலிருந்தோ வந்தது. நாடகத்தில் போட்ட வேடத்தால் 'தேங்காய்' சீனிவாசன், 'டைப்பிஸ்ட்' கோபு. அறிமுகமான படத்தால் 'வெண்ணிற ஆடை' மூர்த்தி. இவர்களையெல்லாம் ஒரு தேங்காயோடும் ஒரு தட்டச்சுப் பொறியோடும் முடிந்துபோனவர்கள் என்று சொல்ல முடியுமா? இதற்கு மேலான சான்று, ஒப்பிட்டுக் காட்டப்படும் நடிகர் திலகமே. வி. சி. கணேசனுக்கு 'சிவாஜி' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்' நாடகத்தில் அவர் ஏற்ற வேடத்திலிருந்து. அதைப் பார்த்துப் பெரியார் சூட்டியது. ஒரே ஒரு வேடம் தந்த பெயர்தான் அது. அதை வைத்து அவரை ஒரு வேடத்து நடிகர் என்று யாரும் சொன்னதில்லை. கணேசனுக்குப் பெருமையாக நிற்கும் அதே காரணம், ராதாகிருஷ்ணனுக்கு மட்டும் எப்படிக் குறையாகும்?

"சரி, சிரிக்க வைத்தார். ஆனால் அதெல்லாம் கதைக்கு வெளியே உள்ள வேலை. அந்தக் காட்சிகளை எடுத்துவிட்டாலும் படம் நிற்கும்" என்பது அடுத்த குறை. 'மனோகரா'வை எடுத்துக்கொள்கிறேன். எதிர்த்தரப்புக்கு மிகவும் பிடித்த படமும் அதுதான். சங்கிலியில் கட்டுண்டு அரசவையில் நின்று சிவாஜி பேசும் மு. கருணாநிதியின் வசனம், ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்த பகுதி. அதே படத்தில் வசந்தன் வேடத்தில் காகா. இருவரையும் அருகருகே வைத்துத்தான், பாருங்கள் எவ்வளவு தூரம் என்கிறார்கள்.

கதையை நினைத்துப் பாருங்கள். வசந்தசேனை மன்னனை மயக்கி வைத்திருக்கிறாள். பட்டத்து அரசி பத்மாவதி ஒதுக்கப்படுகிறாள். மனோகரனை அழித்து, தன் மகன் வசந்தனை அரியணையில் ஏற்ற வேண்டும் என்பது வசந்தசேனையின் திட்டம். இத்தனை சூழ்ச்சியும் யாருக்காக? ஒன்றும் அறியாத, எதற்கும் அஞ்சுகிற, அரியணை என்றால் என்னவென்றே விளங்காத ஒரு பிள்ளைக்காக. வசந்தன் வரும் ஒவ்வொரு முறையும் அந்த அதிகார வெறியின் அபத்தம் நம் கண்முன் வந்து நிற்கிறது. அவன் திறமையான வீரனாக இருந்திருந்தால் இது இரண்டு வாரிசுகளுக்கு இடையிலான சாதாரணப் போட்டியாகிவிடும். மனோகரனின் கோபத்துக்கு உள்ள நியாயமும் பாதியாகக் குறையும். மனோகரன் இழந்தது எவ்வளவு பெரியது என்பதை, அது யாருக்குப் போகவிருந்தது என்பதை வைத்துத்தான் நாம் அளக்கிறோம். அந்த அளவைக் கொடுப்பவர் காகா.

பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய இந்த நாடகத்தைச் சபாக்களும் கம்பெனிகளும் பல பத்தாண்டுகள் ஆடியிருந்தன. வசந்தன் வேடமும் மேடையில் பழகிய வேடம்தான். பார்வையாளர்கள் தாங்கள் பார்த்த பழைய வசந்தன்களை மனத்தில் வைத்துக்கொண்டே கொட்டகைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட வேடத்தை எடுத்து, வில்லியின் மகனாக இருந்தும் பார்ப்பவர் வெறுக்க முடியாத ஒருவனாக வசந்தனை நிறுத்துவது எளிதல்ல. கொஞ்சம் மிகையாகப் போனால் கோமாளித்தனம். கொஞ்சம் குறைந்தால் தாயின் சூழ்ச்சியில் பங்காளி. அந்த நடுவழியைக் கண்டு நடந்ததைத்தான் நான் நடிப்பு என்கிறேன். எல். வி. பிரசாத் இயக்கிய அந்தப் படத்தில் கர்ஜனைக்கு எவ்வளவு இடமுண்டோ, அவ்வளவு இடம் அந்த வெகுளித்தனத்துக்கும் உண்டு. ஒன்றில்லாமல் மற்றது காதில் ஏறாது.

இது 'மனோகரா'வுக்கு மட்டும் உரிய செய்தி இல்லை. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்திலிருந்து பாலையாவை எடுத்துவிடுங்கள், நாகேஷின் வைத்தியை எடுத்துவிடுங்கள், மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியை எடுத்துவிடுங்கள். ஒரு நாகசுரக்காரரும் ஒரு நாட்டியக்காரியும் மிஞ்சுவார்கள், படம் மிஞ்சாது. 'கல்யாண பரிசு' (1959) படத்தின் சோகத்தைத் தாங்கிக்கொள்ளும் வலுவைப் பார்வையாளருக்குத் தந்ததில் தங்கவேலுவின் பங்கு எவ்வளவு என்பது படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். துணை நடிகர் இல்லாமல் தமிழ்ப் படம் ஒரு நாளும் நடந்ததில்லை. அவர்களைத் துணை என்று அழைத்துக்கொண்டே அவர்கள் மீது சாய்ந்து நடந்த சினிமா இது.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒப்புக்கொள்ள வேண்டியதும் உண்டு. காகா ராதாகிருஷ்ணன் நடித்த படங்கள் 600ஐத் தாண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறு வேடங்கள். ஒரு காட்சி, இரண்டு காட்சி, சில வரி வசனம். நாகேஷ் 1960களில் எழுந்தபோது சிரிப்பின் வேகமே மாறியது. 1980களில் நகைச்சுவை தனி டிராக்காகப் பிரிந்து, அதற்கென்றே எழுதும் ஏ. வீரப்பன் போன்றவர்களும், அதைச் சுமக்கும் கவுண்டமணி, செந்தில் போன்ற தனி நட்சத்திரங்களும் வந்தார்கள். நாடகப் பள்ளியில் வந்த பழைய தலைமுறைச் சிரிப்பு நடிகர்கள் அப்பாக்களாக, தாத்தாக்களாக, ஊர்ப் பெரியவர்களாக மாற வேண்டியிருந்தது. இது உண்மை. இதை மறைத்து அவரைத் தூக்கிப் பிடிக்க எனக்கு அவசியமில்லை.

ஆனால் சிறு வேடம் என்றால் சிறிய வேலை என்று யார் சொன்னது? நாயகனுக்குப் பார்வையாளரின் மனத்தைப் பிடிக்க இரண்டரை மணி நேரம் இருக்கிறது. பாட்டு இருக்கிறது, சண்டை இருக்கிறது, அவருக்காகவே வெளிச்சம் வைக்கும் ஒளிப்பதிவாளர் இருக்கிறார். துண்டு வேடத்துக்கு வருகிறவருக்கு ஒரு நாள் கால்ஷீட். கதை முழுதும் சொல்லப்பட்டிருக்காது. வந்து இறங்கியதும் வேட்டியையோ கோட்டையோ மாட்டிக்கொண்டு, முதல் ஷாட்டிலேயே இவர் இந்த வீட்டில் நாற்பது வருடமாக இருக்கும் கிழவர் என்று நம்மை நம்ப வைக்க வேண்டும். நாயகன் ஒரு ஷாட்டில் தவறினால் அடுத்ததில் சரிக்கட்டிக்கொள்ளலாம். இவருக்கு அடுத்தது இல்லை. இந்த வேலையைத் தவறாமல் செய்வார் என்ற நம்பிக்கைக்காகத்தான் ஒரு நடிகரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். நூற்றுக்கணக்கான முறை கூப்பிடப்பட்டவரைப் பார்த்துத் தோற்றவர் என்பது, அவரைக் கூப்பிட்ட அத்தனை இயக்குநர்களுக்கும் தொழில் தெரியாது என்று சொல்வதாகும்.

கூலி குறைவாக இருந்தது என்பார்கள். இருந்தது. துணை நடிகர்களுக்குப் படத்துறை கொடுத்த கூலியும் மரியாதையும் அவர்கள் உழைப்புக்கு ஈடானவை அல்ல; இன்றும் அல்ல. அது தொழில் செய்த அநீதி. அநீதி செய்தவர் கணக்கில் எழுத வேண்டியதைப் பாதிக்கப்பட்டவர் கணக்கில் தோல்வி என்று எழுதக் கூடாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது, அடக்கமான குரலில் சொல்லப்படும் இன்னொரு பேச்சு. "பிற்காலத்தில் வந்த நல்ல வேடங்கள் சிவாஜியின் நட்பால் வந்தவை" என்பது அது. 'தேவர் மகன்' படத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தப் படத்தை எழுதித் தயாரித்தவர் கமல்ஹாசன். இயக்கியவர் மலையாளத்திலிருந்து வந்த பரதன். சிவாஜியின் பெரிய தேவருக்குத் தம்பியாக, நாசரின் மாயத் தேவருக்குத் தகப்பனாக, சின்னத் தேவர் வேடத்தை ராதாகிருஷ்ணனுக்குக் கொடுத்தார்கள். கதையின் உயிரே பங்காளிப் பகை. அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் இடையே காலங்காலமாகக் கனன்றுவரும் வன்மம் பார்ப்பவருக்கு நிஜமாகத் தெரிய வேண்டும். சிவாஜி என்ற பேராற்றலுக்கு எதிரே, ரத்த உறவு என்று நம்பும்படி ஒரு முகம் வேண்டும். வசனம் மிகக் குறைவு. இருக்கும் நேரமும் குறைவு. அந்த இடத்தில் ஒரு சாதாரண நடிகரை வைத்திருந்தால் பெரிய தேவர் எதிர்ப்பில்லாமல் தனியாக நின்றிருப்பார். நாடகக் காலத்திலிருந்து கணேசனின் மூச்சையும் நிறுத்தத்தையும் அறிந்த ஒருவர் அங்கே இருந்தார். அதைச் சலுகை என்று எந்த வாயால் சொல்வது? சிரிப்பு நடிகர் என்று முத்திரை குத்தப்பட்டவர், சிரிப்பே இல்லாத வேடத்தில் தமிழின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்றைத் தாங்கிய தூண்களில் ஒருவராக நின்றார் என்பதுதான் செய்தி.

நட்புக் கதைக்குத் தேதியே முடிவு கட்டுகிறது. சிவாஜி 2001 ஜூலை 21 அன்று மறைந்தார். சரண் இயக்கிய 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' 2004இல் வந்தது. அதில் கேரம் ஆட்டத்தின் மேல் உயிரையே வைத்திருக்கும் முதியவராகக் காகா வருகிறார். சிபாரிசு செய்ய நண்பர் இல்லாத காலத்தில், எண்பதை நெருங்கும் வயதில், அடுத்த தலைமுறை இயக்குநர் தேடிப்போய்க் கொடுத்த வேடம். அந்த முதியவரின் முகத்தில் வரும் உற்சாகத்தைப் பார்த்துவிட்டு மகிழாதவர் யார்? அம்மா சொன்னதை நம்பிக் காக்கை பிடிக்கப் போன பிள்ளையின் அதே கபடமற்ற முனைப்பு, 55 ஆண்டு கழித்து அந்தக் கேரம் பலகைக்கு மேலும் இருந்தது. ஒரு நடிகர் தமக்கென்று ஒரு குணத்தைக் கண்டுபிடித்து, அதை அரை நூற்றாண்டுக்கு மேல் தேயாமல் காப்பாற்றினார். இதைச் சாதனை என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

விருதுகள் இல்லையே என்று கேட்கலாம். யார் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். அமெரிக்காவில் ஆஸ்கார் குழு 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே துணை நடிகருக்கு விருது கொடுக்கத் தொடங்கியது. முதலில் பெற்ற வால்டர் பிரென்னன் அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் இன்னும் இரண்டு முறை பெற்றார். மூன்று ஆஸ்கார் பெற்ற அவரை நாயகனாகாமல் போனவர் என்று அந்த ஊரில் யாரும் இரங்கவில்லை. நம் நாட்டின் தேசியத் திரைப்பட விருதுகளில் துணை நடிகருக்கென ஒரு பிரிவு 1984இல்தான் வந்தது. அதாவது 'மங்கையர்க்கரசி' வந்து 35 ஆண்டுகள் வரை, ராதாகிருஷ்ணனும் பாலையாவும் தங்கவேலுவும் ராதாவும் நாகேஷும் தங்கள் உச்சத்தில் இருந்த காலம் முழுவதும், அவர்களுக்குக் கொடுப்பதற்குத் தேசிய அளவில் அப்படி ஒரு விருதே இல்லை. நாகேஷுக்கே 'நம்மவர்' (1994) படத்துக்காகத்தான் அது கிடைத்தது. பத்ம விருது கடைசிவரை கிடைக்கவில்லை. நாகேஷுக்கே இந்தக் கதி என்றால், அலமாரியில் கோப்பைகள் இல்லை என்பதை வைத்துக் காகாவைப் பற்றி எதையும் நிறுவ முடியாது.

இறந்துபோன ஒரு நடிகருக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று தோன்றலாம். அந்தப் பார்வை இன்னும் உயிரோடு இருப்பதால் வாதாட வேண்டியிருக்கிறது. சிரிக்க வைக்கும் ஒவ்வொரு நடிகரிடமும் பேட்டியில் கேட்கப்படும் கேள்வி, "எப்போது ஹீரோ ஆகப் போகிறீர்கள்?" திருச்சியில் படித்து, மிமிக்ரி மேடையிலிருந்து தொலைக்காட்சி வழியே வந்த சிவகார்த்திகேயன் நாயகனானார், நல்லது. 'விடுதலை'யில் (2023) சூரி ஆழமாக நடித்தார். 'மண்டேலா'வில் (2021) யோகி பாபு மனத்தைத் தொட்டார். மகிழ வேண்டியவைதான். ஆனால் இவற்றைப் பதவி உயர்வு என்று எழுதும் ஒவ்வொரு முறையும், சிரிப்பு வேடத்திலேயே இருந்து அதைச் செம்மையாகச் செய்யும் நூறு பேரை நாம் தாழ்த்துகிறோம். நாகேஷ் 'சர்வர் சுந்தரம்' (1964), 'எதிர் நீச்சல்' (1968) படங்களில் நாயகனாக நடித்தார். பிறகு சிறு வேடங்களுக்கும் வந்தார். இரண்டிலும் அவர் அதே நாகேஷ்தான். உயர்ந்ததும் இல்லை, இறங்கியதும் இல்லை. அவர் வாழ்ந்து காட்டிய பாடத்தை நாம்தான் படிக்கவில்லை.

கலைக்கு இந்த ஊர் கொடுத்தது கொஞ்சமில்லை. எஃப். ஜி. நடேச ஐயர் தொடங்கிய ரசிக ரஞ்சன சபா இங்கே; சிறுவன் தியாகராஜனை லோகிதாசனாக மேடையேற்றியது அந்தச் சபா. கம்பெனி நாடகங்களும் ராதாவின் நாடகங்களும் அதிர்ந்த தேவர் ஹால் இங்கே. பாகவதர், சிவாஜி, ராதா என்று பெயர்களை அடுக்கும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. அந்த வரிசையில் காகாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலில் இரக்கம் வந்துவிடுகிறது. அந்த இரக்கத்தைத்தான் கைவிடச் சொல்கிறேன்.

செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. பிலிம் நியூஸ் ஆனந்தன் தனி மனிதராக அலைந்து தமிழ்ப் படங்களின் விவரங்களைத் திரட்டினார். அவர் திரட்டிவைத்ததிலிருந்து தொடங்கி, காகா ராதாகிருஷ்ணனின் படங்கள் ஒவ்வொன்றையும், வேடத்தின் பெயரோடும் காட்சியின் விவரத்தோடும் யாராவது பட்டியலாக்க வேண்டும். 600 என்று வாயால் சொல்வது போதாது. திருச்சியின் கல்லூரிகளில் தமிழும் காட்சி ஊடகமும் படிக்கும் மாணவர்கள் இதை ஆய்வாக எடுத்துச் செய்யலாம். பழைய பாட்டுப் புத்தகங்களை வைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்கள் அவர்களுக்கு உதவலாம்.

படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'மனோகரா'வை இன்னொரு முறை பாருங்கள். இந்த முறை வசந்தன்மேல் கண்ணை வையுங்கள். 'தேவர் மகன்' பார்க்கும்போது, பெரிய தேவரோடு அவர் தம்பியையும் பாருங்கள். பிறகு அவரைப் பற்றி எழுத நேர்ந்தால், சிவாஜியின் நண்பர் என்று தொடங்காதீர்கள். சங்கிலியாண்டபுரத்துக் காகா ராதாகிருஷ்ணன், நடிகர் என்று தொடங்குங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் தம் தொழிலைக் குறைவில்லாமல் செய்தவருக்கு அந்த ஒரு சொல்லே போதிய தகுதி.